ஒரு பந்தும் ராஜபாட்டையும்

மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போதே எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரு மந்திரம் ஓதிவிடுவார்கள்: "கொட்டாம்பட்டி நிக்காது." ஊருக்குப் பக்கத்திலேயே நாலுவழிச் சாலை ஓடுகிறது. அதில் போகிற லாரிப் புகை எங்களுக்கு, அதன் இரைச்சல் எங்களுக்கு. இறங்குவதற்கு மட்டும் பஸ் நிற்காது. போன மாதம் அப்படித்தான் துவரங்குறிச்சி வரை இழுத்துக்கொண்டு போய் இறக்கிவிட்டார்கள். எதிர்ப்பக்கம் ஒரு டவுன் பஸ்ஸைப் பிடித்துத் திரும்பி வந்து, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தேன்.

"ரோட்டுல இறக்கிவிட மாட்டேங்குறாய்ங்கன்னு இந்தப் பாடு படுறீங்களேண்ணே" என்றார் டீ மாஸ்டர்.

"ரோட்டுல ஏறவே விடாத ஊரு ஒண்ணு இருந்துச்சு தம்பி" என்று ஆரம்பித்தேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

திருவிதாங்கூர். நாகர்கோவிலும் கன்னியாகுமரியும் அந்த ராஜ்ஜியத்துக்குள்தான் இருந்தன, நம் பக்கம் வந்து சேர்ந்தது 1956-ல்தான். அதனால் "அது மலையாளத்தான் கதை" என்று தட்டிவிட்டுப் போக முடியாது. 1836-ல் அங்கே தலையெண்ணிப் பார்த்தார்கள். மொத்தம் 12,80,668 பேர். அதில் 1,64,864 பேர் அடிமைகள், ஏறத்தாழ எட்டுக்கு ஒருவர். நிலத்தை விற்றால் தென்னையோடும் வரப்போடும் அந்த ஆட்களும் சேர்ந்து கைமாறுவார்கள். சர்க்கார் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்காதீர்கள். அதுவும் அடிமைகளை வைத்திருந்தது.

நம் பக்கம் கம்பெனிக்காரன் 1843-லேயே ஒரு சட்டம் போட்டிருந்தான். ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தரச் சொல்லி எவனும் கோர்ட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். திருவிதாங்கூர் ராஜாவுக்கு யோசிக்க இன்னும் கொஞ்ச காலம் தேவைப்பட்டது. மிஷனரிகள் மனு மேல் மனு போட்டார்கள், மதராஸிலிருந்து நச்சரிப்பு வந்தது. 1853-ல் ராஜா மனமிரங்கி, சர்க்கார் அடிமைகளுக்கு இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு விடுதலை அளித்தார். ஏற்கெனவே பிறந்துவிட்டவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள், அதற்கு ராஜா என்ன செய்வார்! இரண்டு வருடம் கழித்து, 1855-ல், அந்த அவசரக்காரர்களுக்கும் சேர்த்து விடுதலைப் பிரகடனம் வந்தது.

அதற்கு எட்டு வருடம் கழித்து, 1863 ஆகஸ்ட் 28-ல், திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரில் அய்யனுக்கும் மாலாவுக்கும் ஒரு பையன் பிறந்தான். பேர் காளி. அய்யன் மகன் காளி, அய்யன்காளி. புலையர் குடும்பம். நம் ஊரில் அந்தச் சொல்லை எடுத்து வசவாக்கிவிட்டோம். அங்கே அது சேற்றில் நெல் விளைவித்த ஒரு சனத்தின் பேர்.

ஆக, பையன் பிறந்தபோது அடிமைமுறை செத்து எட்டு வருடம் ஆகியிருந்தது. கருமாதிக்குத்தான் யாரும் ஆள்விட்டு அழைக்கவில்லை. அதனால் பிணம் எழுந்து ஊருக்குள் நடமாடிக்கொண்டிருந்தது.

விடுதலை பெற்ற அந்த மக்கள் செய்யக்கூடாதவை என்னென்ன தெரியுமா? ராஜபாட்டையில் நடக்கக் கூடாது. சந்தைக்குள் போகக் கூடாது. இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி கூடாது. செருப்பு, குடை, பொன் நகை, பள்ளிக்கூடம், எதுவும் கூடாது. நம்பூதிரிக்கு 96 அடி எடுத்து வைக்கிற தூரம் தள்ளி நிற்க வேண்டும். எங்கள் டீக்கடை வாசலில் இருந்து நானே ஒருநாள் எண்ணி நடந்து பார்த்தேன். 96 முடிந்தபோது கோழிக்கடை, செல்போன் கடை, ஒரு வேப்பமரம் எல்லாம் தாண்டி வந்திருந்தேன். அங்கிருந்து கத்தினால்தான் மாஸ்டருக்குக் கேட்கும். அத்தனை தூரத்தில் நிற்கிற ஆள் நம்மைத் தீட்டாக்குகிறான் என்றால், அவன் சாதாரண ஆளில்லை.

பேச்சுக்கும் வேலி உண்டு. 'நான்' என்று சொல்லக் கூடாது, 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டும். அழகர்கோயிலில் கள்ளழகர் முன்னால் நின்று 'அடியேன்' என்று உருகினால் அது பக்தி. அங்கே வரப்பில் குடைபிடித்து நிற்கிறவன் முன்னால் சொல்ல வேண்டும், அவனுக்கு அழகரைப் போல வருடத்துக்கொருமுறை ஆற்றில் இறங்குகிற வேலைகூடக் கிடையாது. தான் சாப்பிடுகிற சோற்றைச் சோறு என்று சொன்னாலும் குற்றம், 'கரிக்காடி' என்று சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைகளைக் கன்று, குரங்கு என்று சொல்ல வேண்டும்.

அந்தக் கன்றுகளில் ஒன்றுதான் காளி. அப்பன் அய்யனிடம் கொஞ்சம் நிலம் இருந்தது. உழைப்பைப் பார்த்து நிலச்சொந்தக்காரரே கொடுத்தது என்கிறார்கள். மற்ற வீடுகளைவிட அடுப்பு ஒழுங்காக எரிந்த வீடு. வயிறு நிறைந்த பையன் என்ன செய்வான்? விளையாடுவான். நாயர் வீட்டுப் பையன்களோடு சேர்ந்தே விளையாடினான். பந்துக்குச் சாதி தெரியாத வயது.

ஒருநாள் காளி உதைத்த பந்து பறந்து போய் ஒரு நாயர் வீட்டுக் கூரையில் விழுந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்த வீட்டுக் களஞ்சியத்தில் கிடந்த நெல்லை நட்டது புலையர் கை. களை பறித்தது, அறுத்தது, போரடித்தது, சுமந்து கொண்டுபோய் முற்றத்தில் கொட்டியது எல்லாம் அதே கை. அந்த நெல் குத்தி அரிசியாகி, சோறாகி, குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும்போது தீட்டு எந்தப் பக்கம் போகிறதென்று யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் அந்தப் பையன் கால்பட்ட ஒரு பந்து கூரையில் உட்கார்ந்ததும் வீடே கெட்டுப்போனது. தீட்டுக்கு மூளை உண்டு. நெல்லுக்கும் பந்துக்கும் வித்தியாசம் தெரிந்த மூளை.

வீட்டுப் பெரியவர் வெளியே வந்து வாங்கு வாங்கென்று வாங்கினார். இனி எங்கள் பிள்ளைகளோடு இவன் சேரக் கூடாது என்று உத்தரவு. வீட்டிலும் ஆறுதல் இல்லை, அவர்களோடு உனக்கு என்ன விளையாட்டு என்றுதான் கேட்டார்கள். அப்பன் பயந்தவர் என்று சொல்லிவிடுவது சுலபம். ஒரு பந்துக்காக நிலம் போய்விடும் என்று கணக்குத் தெரிந்தவர் என்பதுதான் சரி.

பையன் அதன்பிறகு தன் ஆட்களோடு மட்டும் விளையாடினான். மேல்சாதிக்காரர்கள் நிம்மதியாக இருந்தார்கள். இருந்திருக்கக் கூடாது. அந்த விளையாட்டு வருடம் போகப்போக அடிதடி, கம்பு, தற்காப்பு என்று மாறியது. பாட்டும் கூத்தும் பக்கத்துணை. வெங்ஙானூர்ச் சேரிகளில் ஒரு படையே தயாரானது. சனம் அவனை 'மூத்தபிள்ளை' என்றும் 'ஊர்ப்பிள்ளை' என்றும் கூப்பிட ஆரம்பித்தது. எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் உள்ளே விடவில்லை, அவ்வளவுதான்.

1893-ல் முப்பது வயது அய்யன்காளி ஒரு வில்லுவண்டி வாங்கினார். நம்ம ஊர் வில்வண்டிதான். மிராசுதாரர்கள் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்து போவார்களே, அதே ஜாதி வண்டி. இரண்டு வெள்ளைக்காளை, கழுத்தில் மணி. இவர் வெள்ளை வேட்டி, மேல்துண்டு, தலைப்பாகை. இந்த மூன்றில் மேல்துண்டு ஒன்றே போதும் உதை வாங்க.

எனக்கு இந்தத் திட்டத்தில் பிடித்ததே காளைகள்தான். ராஜபாட்டையில் காளை போகலாம். சாணி போடலாம், நடுரோட்டில் படுத்து அசைபோடலாம், யாரும் தீட்டுக் கழிக்க மாட்டார்கள். அந்தக் காளைக்குத் தண்ணி காட்டுகிறவன்தான் போகக் கூடாது. அவன் பாட்டன்மாரை எருமையோடு ஜோடி சேர்த்து ஏரில் பூட்டினார்கள் என்று சொல்லும் ஊர் அது. பேரன் ரொம்பச் சின்னத் திருத்தம் செய்தார். மாடு இருந்த இடத்தில் மாட்டை விட்டுவிட்டு, மனுசன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மணிச்சத்தம் கேட்டு மறித்தார்கள். இவர் இடுப்பிலிருந்து கத்தியை உருவினார். மறித்தவர்களுக்கு வீட்டில் அவசர வேலைகள் நினைவுக்கு வந்தன. வண்டி போனது.

அதோடு எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். பின்னால் பலராமபுரத்துச் சாலியர் தெருவில் நடந்துபோனபோது ரத்தம் சிந்தியது. 1904-ல் தன் பிள்ளைகளுக்கென்று வெங்ஙானூரில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார், கொளுத்தினார்கள், மறுபடி கட்டினார். 1907-ல் சாதுஜன பரிபாலன சங்கம். பள்ளியில் எங்கள் பிள்ளையைச் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் புல்தான் முளைக்கும் என்று சொல்லி ஆட்களை வயலில் இறங்க விடாமல் நிறுத்தினார். ஒருநாள் பந்த் இல்லை. மாதக்கணக்கில் போனது. நிலச்சொந்தக்காரர்களே சேற்றில் இறங்கி நாற்று நட முயன்றார்கள். அந்தக் காட்சியைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஊரூட்டம்பலம் பள்ளிக்கு பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அந்தப் பள்ளியையும் எரித்தார்கள். கருகின பெஞ்சு ஒன்றை இன்றும் வைத்திருக்கிறார்கள். 1911-ல் அவரையே ராஜா பிரஜா சபைக்கு நியமித்தார். 1937-ல் காந்தி வெங்ஙானூருக்கே வந்தபோது, கைநாட்டுக்காரர் கேட்டது தன் சனத்தில் பத்து பி.ஏ.

"அங்க அப்படி. நம்ம பக்கம் பரவாயில்லண்ணே" என்றார் மாஸ்டர். "தும்பைப்பட்டிக் கக்கன் 1939-லயே மீனாட்சி கோயிலுக்குள்ள போயிட்டார்ல?"

போனார்தான். கோயில் நுழைவை நடத்திய வைத்தியநாத ஐயரோடு ஜூலை 8 அன்று போனார். மேலூரிலிருந்து வரும்போது அவர் ஊரைத் தாண்டித்தான் வருகிறோம். ஆனால் இன்னொரு ஊரும் இதே பக்கத்தில் இருக்கிறது. மேலவளவு. 1997 ஜூன் 30 அன்று, தனித்தொகுதியில் ஜெயித்த பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் கூட வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். வில்லுவண்டி போய் நூற்று நாலு வருடம் கழித்து. இங்கே எனக்கு நக்கல் வரவில்லை.

மாஸ்டர் கிளாஸ்களைக் கழுவ ஆரம்பித்தார். எல்லாம் ஒரே மாதிரிக் கிளாஸ். தனிக்கிளாஸ் வைத்த கடைகளில் டீ குடித்த அவர் அப்பா, கடைசிவரை வீட்டிலும் எவர்சில்வர் டம்ளரைத் தவிர வேறெதிலும் குடிக்க மாட்டாராம். அதை அவர் என்னிடம் சொன்னது அன்றைக்குத்தான்.

மேம்பாலத்துப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு, நிற்காமல் போனது. மாஸ்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் சரிண்ணே. கூரையில விழுந்த பந்த எடுத்துக் குடுத்தாய்ங்களா, இல்லையா?"