வெளிக்குப் போனவன்

இயற்கை ஆர்வலன் என்று என்னைப் பற்றி வடமராட்சியில் ஒரு கதை உலவுகிறது. பரப்பியவன் நான்தான். கழுத்தில் ஒரு பைனாகுலரும் தலையில் ஒரு துணித்தொப்பியும் இருந்தால் ஊர் நம்பிவிடுகிறது. உண்மையில் இத்தனை காலத்தில் நான் ஆற அமரப் பார்த்து முடித்த பறவை என்றால் வீட்டுக் கோழிதான். அதையும் அடைக்கு வைத்தது மனுசி.

எல்லாம் ஓர் ஆங்கிலப் புத்தகம் செய்த வேலை. இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்ட்மூர் என்று ஓர் உயர்நிலம் இருக்கிறது. மரமில்லாத பெருவெளி, ஓயாத காற்று, கட்டாக்காலியாய்த் திரியும் குட்டைக் குதிரைகள், வானத்தில் நின்றபடியே பாடும் வானம்பாடிகள். வாசித்து முடித்த இரவே கணக்குப் பார்த்தேன். மரமில்லாத வெளியா, வல்லையில் இருக்கிறது. காற்று, கேட்கவே வேண்டாம். குதிரை நெடுந்தீவில். வானம்பாடியும் எங்கள் வடக்கில் உண்டு. இல்லாதது உயரம் ஒன்றுதான். கீரிமலை இருக்கிறதே என்பீர்கள். போய்ப் பாருங்கள், அங்கே இருப்பது கேணி. சுண்ணக்கல் நிலம் எங்களுடையது. பெய்கிற மழை கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கிப் போய், கீரிமலை, நிலாவரைக் கிணறு போன்ற இடங்களில்தான் மறுபடி முகம் காட்டும். மலையும் இல்லை, ஆண்டு முழுதும் ஓடுகிற ஆறும் இல்லை. உயரம் போனால் போகிறது, மிச்சம் நாலும் இருக்கிறதே என்று வெளிக்கிட்டேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்து பருத்தித்துறை வீதியால் வருகிறவர்களுக்கு வல்லை தெரியும். புத்தூர், ஆவரங்கால், அச்சுவேலி எல்லாம் தாண்டியதும் வேலிகள் திடீரென்று நின்றுவிடும். பனையும் பின்வாங்கிவிடும். இரண்டு பக்கமும் உவர்த்தரை, நடுவே வீதி, அப்பால் பாலம், பாலத்துக்குக் கீழே தொண்டைமானாற்று நீரேரி. மாரியில் தரை முழுக்க நீர் பரந்து நிற்கும், கோடையில் அதே இடத்தில் உப்புப் பூக்கும். உப்பு ஏற்றிப் போகவென்று கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த வழி இது என்று பழைய கதை சொல்கிறது. எனக்குத் தெரிந்த வரலாறு வேறு. சோழகம் அடிக்கிற மாதங்களில் இந்த வெளியைச் சைக்கிளில் கடந்து ரவுணுக்குப் படிக்கப் போன பிள்ளைகளின் வரலாறு அது. எதிர்க்காற்றில் மிதித்தால் முனியப்பர் கோயில் கிட்ட வராது, தள்ளித் தள்ளிப் போகும். குனிந்த தலை நிமிராமல் வல்லையைக் கடந்தவன் நான். இரண்டு பக்கமும் என்ன இருந்தது என்று யாராவது கேட்டிருந்தால் முன்சில்லைத்தான் வர்ணித்திருப்பேன்.

ஆகவே, பார்க்காமல் விட்ட வெளியைப் பார்ப்பதற்கென்றே ஒரு விடியற்காலை போனேன். கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல். அதுதான் பிழைத்துப்போயிற்று. பொழுது புலராத நேரத்தில் ஒரு மனிதன் கையில் போத்தலோடு வீதியை விட்டு இறங்கி வெளிக்குள் தனியே நடந்தால் எங்கள் சனம் என்ன நினைக்கும் என்று நான் யோசிக்கவில்லை. சந்தைக்கு மரக்கறி ஏற்றிப் போன இரண்டு பேர் மரியாதையாக முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்கள். மூன்றாவது ஆள் எனக்குத் தெரிந்தவர், ஓய்வு பெற்ற வாத்தியார். சைக்கிளை நிறுத்தாமலே, "ஏன் தம்பி, வீட்டிலை கக்கூஸ் அடைச்சுப் போச்சோ?" என்று கேட்டுக்கொண்டு போனார். பைனாகுலரைத் தூக்கிக் காட்டினேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

மற்ற எதிரி ஆக்காட்டி. சிவப்பு மூக்கு, கண்ணுக்கு முன்னால் ஒரு சிவப்புச் சதை, கறுத்த கழுத்து, மஞ்சள் நெட்டைக்கால். வெட்டவெளியில் உயிர் வாழ்கிற எல்லாவற்றுக்கும் சம்பளம் இல்லாத காவற்காரன். நான் வீதியை விட்டு இறங்கி நாலு எட்டு வைத்ததும் ஒன்று எழும்பிக் கத்தும். அதைக் கேட்டு இன்னொன்று. பிறகு உள்ளான் கூட்டம் கிளம்பும், கொக்கு கிளம்பும், தூரத்தில் நின்ற நாரையும் சலிப்போடு இறக்கையை விரிக்கும். நான் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு போவதற்குள் வல்லை வெளி சுத்தமாகிவிடும். ஒளிந்து நின்று பார் என்று புத்தகம் சொல்கிறது. எதற்குப் பின்னால் ஒளிவது? முழங்கால் உயரத்துக்கு மேல் அங்கே வளர்ந்து நிற்பது நான் மட்டும்தான்.

ஒரு பங்குனி மாதம் அந்தப் பறவையோடு நேருக்கு நேர் மோதினேன். வழக்கத்தைவிடக் கடுமையாகக் கத்தியது. தலையைக் கொத்துவதுபோல் தாழ இறங்கி இறங்கி ஏறியது. ஆகா, நல்ல படம் என்று அண்ணாந்தபடி பின்னுக்கு நகர்ந்தேன். கத்தல் உச்சத்துக்குப் போனபோதுதான் எதற்கோ குனிந்து பார்த்தேன். செருப்புக்கு ஒரு சாண் தள்ளி நாலு முட்டை. கூடு என்று ஒன்றும் இல்லை. தரையில் ஆழமில்லாத ஒரு குழி, விளிம்பில் சிறு கற்கள், நடுவில் மண் நிறத்தில் கறுப்புப் புள்ளி தெறித்த முட்டைகள், கூர்முனைகள் உள்ளே பார்க்க அடுக்கியபடி. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி தேடினால் கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. குந்தியிருந்து படம் எடுத்தேன், பக்கவாட்டில் எடுத்தேன், மேலிருந்து எடுத்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு பெடியன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஐயா, நீங்கள் தள்ளி நிண்டால்தானே அது வந்து குந்தும். முட்டை அவிஞ்சு போகப்போகுது."

பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். உச்சி வெயிலில் ஆக்காட்டி முட்டையின் மேல் இருப்பது அடைகாக்க மட்டுமில்லை, நிழல் கொடுக்கவும்தான். சூடு தாங்காத நாட்களில் நீர் நிலைக்குப் போய் வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விக்கவும் செய்யும். அந்தப் படங்களை இன்று வரைக்கும் ஒருவருக்கும் காட்டவில்லை. வெட்கம் பாதி, எதிலும் முட்டை தெளிவாக விழவில்லை என்பது மீதி.

வானம்பாடிக்கு வேறு உத்தி என்று முடிவெடுத்தேன். தரையில் நின்றால் கூச்சப்படும், படுத்துவிட்டால் மனிதன் என்று தெரியாது. மல்லாந்து படுத்தேன். உச்சியில் ஒரு புள்ளி, அதிலிருந்து இடைவிடாமல் இசை. புள்ளியைப் பைனாகுலருக்குள் கொண்டுவரப் பார்த்தபோது சூரியன்தான் உள்ளே வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்த நேரத்தில் வீதியில் மோட்டார் சைக்கிள் ஒன்று சடாரென்று நின்றது. "அண்ணை! அண்ணை! விழுந்து போனீங்களோ?" இருவர் ஓடி வந்து கையில் ஒருவர் காலில் ஒருவராகத் தூக்கினார்கள். "சீனி வருத்தம் இருக்கோ?" என்று கேட்டார்கள். வானம்பாடி பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ஓம், கொஞ்சம் இருக்கு" என்றேன். மந்திகை ஆஸ்பத்திரிக்குத்தான் ஏற்றுவோம் என்று நின்றவர்களைச் சமாளித்து அனுப்பப் பட்ட பாடு பெரும்பாடு.

இந்தக் கூத்தை எல்லாம் வெறும் அசட்டுத்தனம் என்று நானே தள்ளிவிடவும் முடியாது. எங்கள் வயதுக்காரருக்கு வெளி என்பது வீதியில் இருந்து பார்க்கிற பொருள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டு வளர்ந்த கால், புல் மேல் தானாக இறங்காது. பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்த காலம் ஒன்றும் இருந்தது. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்தும் நடந்தது. இன்றைக்கும் எனக்கு முன்னால் ஆட்டுக் காலடி தெரிந்தால்தான் நிம்மதியாக நடப்பேன். ஆடு போகிற பாதையில் பறவை இராது என்பது வேறு விசயம்.

பூநாரை விசயத்தில் அந்தச் சாக்கும் இல்லை. மாரி முடிகிற காலத்தில் நீரேரிகளிலும் மண்டைதீவுக் கடனீரிலும் சுண்டிக்குளத்திலும் கூட்டமாக வந்து நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நீரேரிக் கரையில் ஒரு நாள் உறவுக்காரப் பெடியன் ஒருவனுக்குப் பாடம் எடுத்தேன். தூரத்தில் நின்ற சாம்பல் வெள்ளைக் கூட்டத்தைக் காட்டி, "உது கொக்கு. பூநாரை எண்டால் ரோசா நிறத்திலை இருக்கும்" என்றேன். பைனாகுலரை வாங்கிப் பார்த்தான். "மாமா, கொக்கு தலைகீழா நிண்டு தின்னுமோ?" என்று கேட்டான். வளைந்த சொண்டைக் கவிழ்த்துச் சேற்று நீரை வடித்துத் தின்பது பூநாரை மட்டும்தான். நிறம் அது தின்னும் சிற்றுயிர்களில் இருந்து ஊறிவருவது, இளசுகள் சாம்பலாகத்தான் இருக்கும். பெடியன் அதற்குப் பிறகு என்னோடு வருவதில்லை. தனியாகப் போகிறான், பார்த்துவிட்டும் வருகிறான்.

உண்மையான உயர்நிலத்தையும் ஒருமுறை விட்டுவைக்கவில்லை. ஆளுநர் வில்மட் ஹோட்டனின் பெயர் தாங்கிய ஹோட்டன் சமவெளி, 2,100 மீற்றருக்கு மேலே, 1988 முதல் தேசியப் பூங்கா, 2010 முதல் உலக மரபுரிமையின் பகுதி. குடும்பத்தோடு வான் பிடித்துப் போனோம். வாசலிலேயே பொலித்தீனைக் கழற்றி எடுத்துவிட்டார்கள், அந்த ஒழுங்குக்கு ஒரு கும்பிடு. எண்ணூறு மீற்றருக்கு மேல் செங்குத்தாக விழுகிற 'உலக முடிவு' என்ற மலை விளிம்பில் நான் கண்டது புகார், புகாருக்குள் என் மைத்துனர். வாகனத் தரிப்பிடத்தில் பிஸ்கட்டுக்குக் காத்து நின்ற மரை ஒன்றைக் கானகத்தில் கண்டதாக ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். அதையும்விடப் பெரிய சங்கதி, முள்ளுச் செடியில் கொத்தாகப் பூத்திருந்த மஞ்சள் பூ. நம் மலையின் ஆதிக்குடி என்று உருகி, அதைப் படம் எடுத்துக் கைபேசியின் முகப்பில் வைத்தேன். பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அது கோர்ஸ், டார்ட்மூர்ப் பக்கத்துச் செடி, ஆங்கிலேயர் காலத்தில் வந்து பரவி இப்போது தொண்டர்கள் வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கும் ஆக்கிரமிப்புக்காரி. புத்தகத்தில் வாசித்த மூர் நிலத்தை என் வாழ்வில் நான் சரியாக அடையாளம் கண்ட ஒரே தருணம் அது. அடையாளம் தெரியாமலே கண்டேன்.

மிஞ்சியது குதிரை. குறிகட்டுவானில் படகேறினால் நெடுந்தீவுக்கு ஒரு மணி நேர ஓட்டம். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கடலைப் பார்க்கவில்லை, படகின் விளிம்புக்கு வெளியே தலையை வைத்திருந்தேன், அவ்வளவுதான். இறங்கியதும் ஓட்டோ பிடித்துத் தெற்கு வெளிக்குப் போகச் சொன்னேன். வழி நெடுக மதில் எல்லாம் பவளக்கல். சாந்து கிடையாது, கல்லின் மேல் கல். சுமார் 50 சதுர கிலோமீற்றர்த் தீவில் தென்பாதி திறந்த புல்வெளி. 2015இல் அந்த வெளியின் பெரும்பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். குதிரைகள் போர்த்துக்கேயர் கொண்டுவந்தவை, ஒல்லாந்தர் பெருக்கியவை, பிரித்தானியர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி பண்ணையை நடத்தினார். பிறகு ஒருவருக்கும் வேண்டாமல் போய் அவை தம் பாட்டில் வாழத் தொடங்கின.

பிடரி பறக்க, புழுதி கிளம்ப ஓடிவரும் என்று நினைத்திருந்தேன். அவை ஓடவில்லை. உச்சி வெயிலில் ஒன்றின் பின்புறத்தோடு ஒன்று முகத்தை வைத்து, வால்களால் ஒன்றுக்கொன்று ஈ விரட்டிக்கொண்டு நின்றன. விலா எலும்பு எண்ணலாம். காம்பு காய்ந்த ஒரு பெட்டைக் குதிரையின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு குட்டி நின்றது. குனிந்து குனிந்து கிட்டப் போனேன். ஓரத்தில் நின்ற ஆண் குதிரை என்னை ஒருமுறை பார்த்தது. பார்த்து முடிந்ததும் முழுக் கூட்டமும் அவசரமில்லாமல் திரும்பிக்கொண்டது. நான் சுற்றிப் போனேன், அவையும் சுற்றிக்கொண்டன. நெடுந்தீவுக் குதிரைகளின் வால் பற்றிய விரிவான படத் தொகுப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது, வேண்டியவர்கள் கேட்கலாம்.

ஓட்டோக்கார அண்ணை மதில் நிழலில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "உதுகளுக்குத் தண்ணி இல்லை ஐயா. கோடையிலை கிணத்தடியிலை வந்து நிக்குங்கள். நீங்கள் கிட்டப் போகப் போக நிழலை விட்டு வெய்யிலுக்குப் போகுதுகள்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வறட்சி கடுமையான ஆண்டுகளில் நீர் இல்லாமல் குதிரைகள் சாவதும், யாராவது தொட்டியில் நீர் நிரப்பி வைப்பதும் அந்தத் தீவில் புதுச் செய்தி அல்ல. கடைசிப் படகைப் பிடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தி என்னை ஏற்றிக்கொண்டு வந்தார். அந்தப் படகிலும் நான் கடலைப் பார்க்கவில்லை.

என்னைப்போல் யாருக்காவது இந்த வருத்தம் தொற்றியிருந்தால் இரண்டு விசயம் சொல்லலாம். நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் காலைப் படகில் போங்கள், வெயில் ஏற முன்னம் குதிரைகளைத் தூரத்தில் நின்று பாருங்கள், வாகனத்தால் துரத்திப் படம் எடுக்காதீர்கள். பங்குனி தொடக்கம் ஆவணி வரைக்கும் வல்லை வெளியில் ஆக்காட்டி உங்கள் தலைக்கு மேலே வந்து கத்தினால் அண்ணாந்து பார்க்க வேண்டாம். குனிந்து காலடியைப் பாருங்கள், வைத்த அடியிலேயே திரும்பி வீதிக்கு வந்துவிடுங்கள். போத்தலைப் பைக்குள் வைத்துக்கொள்வது உங்கள் மானத்துக்கு நல்லது.