கவரியல்: ஒரு சிறு வகைப்பாட்டு நூல்

பாயிரம்

தமிழர் வீட்டுக் கவர்களின் இனமும் இருப்பிடமும் ஆயுளும் கூறுவது இந்நூல். நெகிழித் தொழில்துறையினர் நெகிழிகளை முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண்ணிட்டுப் பிரித்தனர். சமையலறையில் அம்முறை செல்லாது. ‘4ஆம் எண் ஒன்று எடு’ என்று எவ்வீட்டிலும் குரல் எழுவதில்லை. ‘நல்ல கவரா ஒண்ணு எடு’ என்பதே வழக்கு. ஆகவே வழக்கை ஒட்டியே வகுக்கிறோம்.

1. சேமக் கவர்

ஜவுளிக்கடையில் பிறந்து சமையலறைக் கதவின் பின்னே வாழ்வது. தன் இனத்தார் அனைவரையும் வயிற்றில் தாங்குவது ‘தாய்க்கவர்’ எனப்படும். வெளியூர் செல்கையில் கடைப்பெயர் வெளியே தெரியப் பிடிக்கப்படுவது உயர்குலம். உட்புறம் வெளியே வரத் திருப்பப்படுவது தாழ்குலம்.

இதன் மூலப்பொருளான பாலிதீன் தற்செயலாகப் பிறந்தது. 1933இல் இங்கிலாந்தின் ஐசிஐ ஆய்வகத்தில் எதிலீனையும் பென்சால்டிஹைடையும் கடும் அழுத்தத்தில் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு, எதிர்பாராத வெள்ளை மெழுகுப்பொருள் ஒன்று கிடைத்தது. கரியணுக்கள் நீளக் கைகோத்து நிற்கும் அச்சங்கிலியில் நுண்ணுயிர் பல் பதிக்க இடம் இல்லை. தாய்க்கவர் பேத்தி காலத்திலும் இருக்கும்.

2. பால் கவர்

நாள்தோறும் வருவது. கழுவிக் கவிழ்த்தால் பழைய பேப்பர் கடையில் விலைபோகும். இதற்கு ஒரு குட்டி உண்டு: கத்தரிக்கும்போது தெறித்து விழும் முக்கோண மூலை. தாயை எடைக்குப் போடுவோர் குட்டியைச் சாக்கடைக்கு விடுகின்றனர். மூலை அறாமல் ஒட்டி நிற்கும்படி பாதி வெட்டுவது உத்தமம். இந்நூலில் செலவில்லாமல் கைக்கொள்ளத்தக்க விதி இதுவே.

3. பார்சல் கவர்

சாம்பார், சட்னி, ரசம் என முத்திறத்தது. இதன் முடிச்சைக் கொண்டு மாந்தரையும் அவிழ்ப்போர், கடிப்போர் எனப் பிரிக்கலாம். உணவகத்திலிருந்து வீடு வரையே இதற்கு வேலை. அதன்பின் வேலையற்ற நெடுவாழ்வு. எண்ணெய் படிந்து மெலிந்து கிடப்பதால் பழைய பேப்பர் கடைக்காரரும் தீண்டார். இவ்வினத்தின் இயற்கைப் பகை தூக்குவாளி.

4. சாஷே

கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் போன்ற முன்னோடிகள் ஷாம்பூவைச் சிறு பொட்டலத்தில் அடைத்து ஏழைக்கும் எட்டச் செய்தனர். அறம் பெரிது, பொட்டலம் சிறிது, சிக்கல் பெரிது. இவ்வகைப் பொட்டலங்களில் பாலியெஸ்டர், அலுமினியம், பாலிதீன் எனப் படலங்கள் ஒட்டிக்கிடப்பதுண்டு. ஒட்டியதை மலிவாகப் பிரிக்க வழியில்லை. பிரிக்காததை வாங்க ஆளில்லை.

5. வேடக் கவர்

துணி போலத் தோன்றித் துணியல்லாதது. பாலிபுரொப்பிலீன் இழைகளை நெய்யாமல் ஒட்டிச் செய்தது. தீபாவளி இனிப்புடன் வந்து, ‘நாங்கள் பிளாஸ்டிக் கொடுப்பதில்லை’ என்ற பெருமிதத்தோடு கைமாறும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தடைசெய்த 14 பொருள்களில் இதுவும் அடங்கும். அரசாணை அடையாளம் கண்ட வேடத்தை நாம் இன்னும் கண்டபாடில்லை.

6. மக்கும் கவர்

பச்சை நிறத்தில் இலை வரைந்திருக்கும். மெய்யானதற்கு ஐஎஸ் 17088 எனும் தர முத்திரை உண்டு. பொய்யானதற்கு இலை மட்டுமே உண்டு. மெய்யானதன் சங்கிலியில் எஸ்டர் பிணைப்புகள் இருப்பதால், தைத்த துணி தையலில் விடுவதுபோல் அது அவ்விடங்களில் அறும். பால் அனஸ்டாஸும் ஜான் வார்னரும் 1998இல் தொகுத்த பசுமை வேதியியலின் பன்னிரு விதிகளில் பத்தாவது சொல்வது இதுவே: வேலை முடிந்ததும் தீங்கின்றிச் சிதையும்படி பொருளைப் படை. ஆனால் பிஎல்ஏ போன்ற மக்கும் நெகிழிகள் விரைந்து அற 60 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பமும் ஈரமும் வேண்டும். அது உரம் தயாரிக்கும் ஆலையில் உண்டு. தெருமுனைத் தொட்டியில் இல்லை. ஆகவே இது மக்கும் கவர் அன்று; மக்க வாய்ப்புக் கேட்கும் கவர்.

தடையும் விடையும்

‘ஆறையும் ஏன் இப்படி வரிசைப்படுத்தினீர்?’ எனின், உழைத்த காலத்தையும் கிடக்கும் காலத்தையும் ஒப்பிட வேண்டியே. சேமக் கவர் இரண்டிலும் நீண்டது; பார்சல் கவர் முன்னதில் குறுகிப் பின்னதில் நீண்டது. பொருள் எது என்பதைவிட இவ்விரண்டின் பொருத்தமே கவரின் குணம்.

‘அனஸ்டாஸின் முதல் விதி யாது?’ எனின், கழிவு உண்டானபின் துப்புரவு செய்வதைவிட உண்டாகாமல் தடுப்பதே மேல் என்பது. ‘கவர் வேண்டாம்ணே’ என்று கடைக்காரரிடம் நாம் சொல்வது இதன் பேச்சுவடிவம்.

‘மஞ்சப்பை எவ்வினம்?’ எனின், 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என அரசே அழைத்து வந்த பின்னும் அதன் இனம் உறுதியாகவில்லை. பருத்தி நீரும் உரமும் குடித்து வளர்வது. ஒருமுறை எடுத்து எறிந்தால் கவரினும் கேடு. எனவே அதைத் துணியால் அறிய முடியாது, இருப்பிடத்தால் அறிக: வண்டிக் கொக்கியில் தொங்கினால் பை, கல்யாண வீட்டில் வாங்கிப் பீரோவில் அடுக்கினால் அதுவும் கவரே.