ஏழாவது பாக்கெட்

போன சனிக்கிழமை சமையலறையின் மேல் அலமாரியைத் துடைக்கலாம் என்று நாற்காலி போட்டு ஏறினேன். இந்த எண்ணம் எனக்கு வருடத்தில் இரண்டு தரம்தான் வரும். தீபாவளிக்கு ஒன்று, யாராவது "உங்க வீட்டுக்கு வர்றோம்" என்று போன் அடித்தால் ஒன்று. ஏறிப் பார்த்தால் கடுகு. ஒன்றல்ல, ஆறு பாக்கெட். நான்கு பிரிக்காதவை, ஒன்று பாதியில் ரப்பர் பேண்ட் போட்டது, இன்னொன்று ரப்பர் பேண்ட் அறுந்து அலமாரி முழுக்க உருண்டு கிடந்தது. எங்கள் வீட்டில் இருப்பது நான்கு பேர். தாளிப்புக்கு அரைத் தேக்கரண்டி என்றாலும் அடுத்த தீபாவளி தாண்டியும் ஓடும். ஆனால் முந்தின நாள் சாயங்காலம்தான் கடையில் நின்று, கடுகு இருக்கா இல்லையா என்று தலையைச் சொறிந்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றைக் கூடையில் போட்டிருந்தேன். அந்த ஏழாவது பாக்கெட் இன்னும் காரைவிட்டு இறங்கவில்லை.

நான் சுங்கை பூலோ பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவள். ஊரார் கணக்கில் பத்துக் காசு இடித்தாலும் எந்தப் பக்கத்தில் இடிக்கிறது என்று காட்டிவிடுவேன். புக்கிட் ரோத்தானில் என் வீட்டு வாசலை மிதித்ததும் அந்தத் திறமை செருப்போடு வெளியே நின்றுவிடும். காலை ஐந்தேகாலுக்கு எழுந்து, பிள்ளைகளை ஸ்கூல் வேனில் ஏற்றி, செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் ஊர்ந்து வேலைக்குப் போய், அதே மாதிரி ஊர்ந்து திரும்பும்போது மணி ஏழு. சாமான் வாங்க எனக்கு வாய்ப்பது ஏழு ஐந்திலிருந்து ஏழு இருபத்தைந்து வரை. அந்த இருபது நிமிடத்தில் என் மூளையில் ஒரே கேள்விதான் ஓடும்: இது வீட்டில் இருக்கா? பதில் தெரியாது. அதனால் வாங்குவேன்.

அம்மா இப்படி ஒரு கேள்வியோடு கடைக்குப் போனதே இல்லை. அவர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பெரட்டுக்கு முன் சோறு பொங்கி, என்னையும் தம்பியையும் ஆயாக்கொட்டகையில் விட்டு, காண்டா வாளியோடு நிரைக்குப் போவார். லயத்து வீட்டில் சாமான் வைக்க இருந்தவை மூன்று டின்கள். பிஸ்கட் டின்னில் அரிசி, மைலோ டின்னில் மிளகாய், பால்மாவு டின்னில் பருப்பு. எதன்மேலும் பெயர் ஒட்டவில்லை. கடைக்குக் கிளம்புமுன் ஒவ்வொரு டின்னையும் காதோரம் தூக்கிக் குலுக்குவார். "இது வியாழக்கிழமை வரைக்கும் வரும்" என்பார். வியாழக்கிழமை வரைக்கும் வரும்.

கையில் 555 இருக்கும். இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு, அட்டையில் 555 என்று எண். கடன் கணக்குக்கே மலேசியாவில் அதுதான் பெயராகிவிட்டது. சீனர் கடைத் தவுக்கேயிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று. சம்பள நாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பார்கள். அம்மா நாலாம் வகுப்போடு நின்றவர். வித்தியாசம் வந்தால் தவுக்கேதான் தன் நோட்டைத் திருத்துவார். அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. சம்பளம் கைக்கு வருமுன்பே பாதி அந்த நோட்டுக்குள் போய்விடும். டின் பாதி காலியாக இருந்ததால்தான் குலுக்கினால் சத்தம் கேட்டது.

என் டின்கள் சத்தம் போடுவதில்லை. நிரம்பி வழிகின்றன. 1987இல் கிள்ளானில் ஒரு சின்ன மளிகைக்கடையாக ஆரம்பித்த 99 ஸ்பீட்மார்ட், 2024 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. இப்போது எந்த ஊருக்குள் நுழைந்தாலும் அந்த மாதிரிக் கடை ஒன்று விளக்குப் போட்டு நிற்கிறது. கை எட்டும் தூரத்தில் கடை இருந்தால் யார் டின்னைத் தூக்கிக் குலுக்குவார்கள்?

இதைச் சரி செய்ய நான் முயலவில்லை என்று நினைக்காதீர்கள். நிறையவே முயன்றிருக்கிறேன், எல்லாம் காசு கொடுத்து. இருபத்து நான்கு டப்பா கொண்ட ஒரு செட் வாங்கினேன். உள்ளே இருப்பது வெளியே தெரியும் வகை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மகளின் கலர் பேனாவால் பெயர் எழுதி ஒட்டினேன். உளுந்து, துவரை, பச்சைப்பயறு. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அந்த ஒழுங்கு பதினொரு நாள் நின்றது. பிறகு துவரையில் மகனின் லெகோ போனது, உளுந்தில் கார் சாவி போனது. பச்சைப்பயறு என்று எழுதிய டப்பாவில் எங்கள் வீட்டுத் தையல் ஊசிகள் எல்லாம் இருக்கின்றன என்பதை நான் தேடிக் கண்டுபிடித்தது ஒரு வருடம் கழித்து. அதற்கு முன்பு டப்பர்வேர் ஒரு காலம். அலுவலகத்தில் யார் விற்றாலும் மறுக்காமல் வாங்கியவள் நான். 2024 செப்டம்பரில் அந்த நிறுவனம் கடன் தாங்காமல் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டது என்று செய்தி படித்தபோது எனக்கு மனசு உறுத்தவில்லை. என் பங்கை நான் செய்துவிட்டேன். மூடிகள்தான் ஒன்றுகூட பொருந்தவில்லை.

பிறகு வாட்சாப்பில் 'வீட்டுச் சாமான்' என்று ஒரு குழு. தீர்ந்துபோனதை யார் பார்த்தாலும் அதில் போட வேண்டும். நான் ஒன்பது வரி எழுதுவேன். என் வீட்டுக்காரர் ஒரு கட்டை விரலைப் போடுவார். 'நான் வாங்குகிறேன்' என்று அர்த்தமா, 'நீ வாங்கு' என்று அர்த்தமா என்பது கல்யாணமான இத்தனை வருடத்தில் பிடிபடவில்லை. இரண்டு பேரும் வாங்கிய நாளில் எங்கள் ஐஸ்பெட்டியில் நான்கு டஜன் முட்டை இருந்தது. இரண்டு பேரும் வாங்காத நாளில் பிள்ளைகளுக்கு மேகி.

மணிலா அட்டை விவகாரத்தைச் சொல்லாவிட்டால் இந்த ஒப்புதல் முழுமையாகாது. இரவு பத்தே முக்கால். மகன் படுக்கையிலிருந்து எழுந்து வருகிறான். "மா, நாளைக்கு மணிலா கார்ட் கொண்டு போகணும். டீச்சர் போன வாரமே சொன்னாங்க." மலேசியாவில் பிள்ளை வளர்த்த எல்லோரும் இந்த வாக்கியத்தை அதே நேரத்தில் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். முதல் தரம் கோலசிலாங்கூர் வரை காரை ஓட்டிக்கொண்டு போய், கதவை இழுத்துக்கொண்டிருந்த கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கி வந்தேன். அன்றைக்கு ஒரு சபதம் எடுத்தேன். அந்த வாரமே இருபது அட்டை வாங்கிச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் நிறுத்தினேன். அப்புறம் ஒன்றரை வருடம் எந்த டீச்சரும் அட்டை கேட்கவில்லை. ஒரு நாள் கேட்டார்கள், இரவு பத்தே முக்காலுக்குத்தான். வெற்றிக் களிப்போடு அலமாரியை நகர்த்தினேன். கரையான் எனக்கு முன்பே வந்து வேலையை முடித்திருந்தது. பிழைத்த இரண்டு அட்டையும் வெள்ளை. "மஞ்சள் வேணும்னாங்க மா," என்றான்.

முன்யோசனை என்ற பெயரில் நான் செய்த பெரிய கூத்து அரிசி. 2023 பிற்பாதியில் உள்நாட்டு அரிசி கடைத் தட்டுகளிலிருந்து காணாமல் போனது ஞாபகம் இருக்கும். பத்துக் கிலோ 26 வெள்ளிக்கு விற்கவேண்டிய மூட்டை கிடைக்கவில்லை. இறக்குமதி அரிசி விலை ஏறியது. இங்கிருந்து வடக்கே போனால் தஞ்சோங் காராங், செக்கிஞ்சான். கண்ணுக்கெட்டியவரை நெல் வயல். வயலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அரிசிக்குப் பயந்தேன். கிடைத்த இடத்திலெல்லாம் வாங்கி ஆறு மூட்டை சேர்த்தேன். பீதி ஓய்ந்தது, மூட்டைகளை மறந்தேன். ஒரு நாள் அம்மா வந்து மூட்டையைப் பிரித்துக் கையை விட்டார். விரலெல்லாம் கறுப்பாக ஊர்ந்தது.

"நீ அரிசி வாங்கலடி, வண்டு வளத்திருக்க," என்றார். பாயை விரித்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்துப் புடைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

அடுத்தது பை. சிலாங்கூரில் 2010இலேயே சனிக்கிழமைகளில் பிளாஸ்டிக் பை கிடையாது என்று ஆரம்பித்து, 2017 ஜனவரி 1 முதல் தினமும் ஒரு பைக்கு 20 காசு என்றாக்கிவிட்டார்கள். நல்ல திட்டம், நான் முழு ஆதரவு. ஆதரவின் அடையாளமாகத் துணிப்பை பதினான்கு வைத்திருக்கிறேன். எல்லாம் கார் பின்பெட்டியில். கல்லாவுக்கு முன் நிற்கும்போதுதான் ஞாபகம் வரும். பின்னால் ஐந்து பேர் வரிசை. "பை இருக்கா அக்கா?" "இருக்கு தம்பி, கார்ல இருக்கு." "அப்ப ரெண்டு போடவா?" போடு. வாரத்தில் மூன்று தரம், தரத்துக்கு நாற்பது காசு. வருடத்துக்கு 62 வெள்ளி 40 காசு. கணக்குக்காரி அல்லவா, இதையாவது சரியாகப் போடுவேன். அந்தப் பிளாஸ்டிக் பைகளும் வீணாகவில்லை. எல்லாவற்றையும் ஒரு துணிப்பைக்குள் திணித்துக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன்.

ஒரே ஒரு தரம் துணிப்பையை மறக்காமல் எடுத்துப் போனேன். அதுவும் ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்துக்கு. 2013இல் கும்பாபிஷேகம் நடந்த கோயில். சுற்றிலும் 51 சக்தி பீடத்து அம்மன்கள். வெளியூர்க்காரர்கள் பஸ் பிடித்து வருகிறார்கள், உள்ளூரில் இருக்கும் நான் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எட்டிப் பார்ப்பதே பெரிய விஷயம். பூ, தேங்காய், வாழைப்பழம் எல்லாவற்றையும் பையில் அழகாக அடுக்கி வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பாட்டி மூக்கைச் சுளித்தார். பின்னால் நின்ற பெண் இரண்டடி தள்ளிப்போனார். அப்போதுதான் எனக்கும் வாடை அடித்தது. முந்தின ஞாயிறு ஜெராமில் வாங்கிய நெத்திலிக் கருவாடு கால் கிலோ, அதே பையின் அடியில் தாளில் மடித்தபடி இருந்தது. ஐம்பத்தொரு அம்மன்களுக்கு முன்னால் நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்த வேகத்தை வாட்சாப்பில் யாரும் போடாதது அவள் கிருபை.

கடைசியாக அந்த 100 வெள்ளி. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிறைந்த எல்லாக் குடிமக்களுக்கும் அரசாங்கம் மைகார்டில் நூறு வெள்ளி போட்டது. அடிப்படைச் சாமான்களுக்கு மட்டும், டிசம்பர் 31க்குள். அம்மா முதல் வாரக் கூட்டம் ஓயட்டும் என்று பொறுத்திருந்து, செப்டம்பரில் ஒரு காலையில் போனார். அரிசி, முட்டை, ரொட்டி, சோப்பு என்று எடுத்துக் கூடையில் வைப்பதற்கு முன் ஒவ்வொன்றின் விலையையும் 555இல் எழுதினார். ஆமாம், இன்னும் அந்த நோட்டு வைத்திருக்கிறார். யாரிடமும் கடன் இல்லை, இருந்தும் எழுதுகிறார். நான் அதே நூறு வெள்ளியை நாளைக்கு நாளைக்கு என்று டிசம்பர் 31 சாயங்காலம் வரை கொண்டுவந்து நிறுத்தினேன். வேலை விட்டு ஓடிப்போய், மணியைப் பார்த்துக்கொண்டே கையில் அகப்பட்டதை அள்ளினேன். வீட்டுக்கு வந்து மேசையில் பரப்பியபோது ஒன்பது பற்பசை இருந்தது. அரிசி இல்லை.

அம்மா பற்பசைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். "உனக்கு நேரமில்லன்னு சொல்லாத. திறந்து பாக்க சோம்பல், அதான் வாங்குற," என்றார். என் மேலதிகாரி இவ்வளவு துல்லியமாக என் வருடாந்திர மதிப்பீட்டை எழுதியதில்லை. அலமாரியைத் திறக்க அரை நிமிடம் ஆகும். ஆனால் திறந்தால் மூடியில்லாத டப்பாவும், கரையான் தின்ற அட்டையும், போன தீபாவளியின் முறுக்கு மாவும் என்னைப் பார்க்கும். கடைத்தட்டு அப்படிப் பார்ப்பதில்லை. அங்கே எல்லாம் நேராக நிற்கிறது, என்னை எதுவும் கேட்பதில்லை.

அம்மா சொன்ன அடுத்த வாரம் கடைக்குப் போய் ஒரு 555 வாங்கினேன். சின்ன நோட்டு, அதே அட்டை. அதில் வீட்டில் இருக்கும் சாமான்களையெல்லாம் எழுதிவிடுவது என்று திட்டம். வீட்டுக்கு வந்து பேனா தேடி மேசை இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே பிரிக்காத 555 இரண்டு இருந்தன.

இப்போதைக்குக் கடுகு ஏழு பாக்கெட்; காரில் இருந்ததையும் இறக்கிவிட்டேன். புக்கிட் ரோத்தான் பக்கம் வருகிறவர்கள் யாருக்காவது தாளிக்க வேண்டுமானால் தாராளமாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பை மட்டும் நீங்களே கொண்டுவந்துவிடுங்கள். என்னுடையது கார்ல இருக்கு.