நூல் கட்டிய காலம்

அடிஷனல் ஷீட் வாங்கி எழுதிய தலைமுறையால் அந்த வெள்ளை நூலை மறந்திருக்க முடியாது. கடைசி மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அறைக் கண்காணிப்பாளர் வரிசை வரிசையாக நூல் துண்டுகளை வைத்துக்கொண்டே போவார். எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியத்தைப் பாதியில் விட மனம் வராது, கட்டாமல் விட்டால் தாள் தனியாக எங்கேயாவது போய்விடுமோ என்ற பயமும் விடாது. மெயின் ஷீட்டின் ஓட்டையையும் அடிஷனல் ஷீட்டுகளின் ஓட்டைகளையும் பொருத்தி, பக்க வரிசை சரிதானா என்று மறுபடி புரட்டிப் பார்த்து, மை ஒட்டிய விரல்களால் ஒரு முடிச்சுப் போடுவோம். இறுக்கினால் தாள் கிழியும், தளர்த்தினால் உருவிக்கொள்ளும். அந்த முடிச்சு விழுந்ததும் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், மூன்று மணி நேர எழுத்துக்கும் அதுதான் முற்றுப்புள்ளி. வெளியே வந்ததும் "எத்தனை ஷீட் வாங்குன?" என்பதுதான் முதல் கேள்வி. நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

2014 பொதுத்தேர்வோடு அந்த நூல் விடைபெற்றது. விடைத்தாள் முழுப் புத்தகமாகவே வந்தது. அதன் மேலே வைக்க, மாணவரின் படமும் பார்கோடும் அச்சிட்ட முகப்புத்தாள் தனியாக வந்தது. இரண்டையும் சேர்த்துத் தைக்கப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே தையல் மிஷின் வந்து இறங்கியது. ஒரு பக்கம் திருப்புதல் தேர்வு நடக்கும், மறுபக்கம் வராந்தாவில் மிஷின் கடகடவென ஓடும். ஒரு பிள்ளையின் படம் இன்னொரு பாடத்தின் தாளில் ஏறிவிடக் கூடாதே என்று, ஆசிரியர்களான நாங்கள் பெயர்ப் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத் தையல்காரரிடம் நீட்டுவோம். மிஷினுக்கு அடியில் போகும் ஒவ்வொரு முகத்தையும் எங்களுக்குத் தெரியும். இவன் கணக்கில் தேறுவானா, இவள் பரீட்சைக்கு முன்பே கல்யாணம் என்று நிறுத்தப்பட்டுவிடுவாளா என்று கவலைப்பட்டுக்கொண்டே நீட்டுவோம். மலையோரத்துப் பள்ளிப் பெண்ணின் தாளும் மாநகரத்துப் பையனின் தாளும் திருத்தும் மேசையில் ஒரே மாதிரி கிடக்க வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடும். நல்ல மாற்றம்தான், முழுமனதோடு சொல்கிறேன். முடிச்சுப் போடும் அந்தப் பத்து நிமிடம் மட்டும் போனது போனதுதான்.

மாற்றம் எனக்குப் புதிதல்ல. கல்லூரியில் இருந்த பி.யூ.சி. போய், 1978-இல் பள்ளிக்கூடங்களுக்கு மேல்நிலை வகுப்பு வந்தபோது, பிளஸ் ஒன்னில் சேர்ந்த முதல் அணியில் நானும் இருந்தேன். எங்களுக்கு முன்னால் யாருமே எழுதாத பரீட்சை அது. புரட்டிப் பார்க்கப் பழைய வினாத்தாள் கிடையாது, எது வரும் எது வராது என்று சொல்லித்தர ஓர் அண்ணன் கிடையாது, அக்கா கிடையாது. எங்கள் வேதியியல் ஆசிரியருக்கே பாடப்புத்தகம் புதிது. மாலையில் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து அடுத்த நாள் பாடத்தை அவரும் படிப்பார். "எதைக் கேப்பாங்கன்னு எனக்கும் தெரியாதுடா, அதனால எல்லாத்தையும் படிப்போம்" என்பார். அந்த 'படிப்போம்' எங்களை எங்கோ கொண்டுபோய்விட்டது. தெரியாத தேர்வுக்குத் தயாராக ஒரே வழி பாடத்தைத் தெரிந்துகொள்வதுதான் என்பதால், உப்புக் கரைசலை விளக்க உப்பளத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசவும் அவருக்கு நேரம் இருந்தது, கேட்க எங்களுக்கும் இருந்தது. 1980-இல் தேர்வு எழுதி வெளியே வந்தபோது, இவ்வளவுதானா கேட்டார்கள் என்று எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

அதற்குப் பிறகு நானே ஆசிரியராகி, ஆண்டுகள் ஓட ஓட, தேர்வு எங்களுக்கு நன்றாகப் பழகிப்போனது. ப்ளூபிரிண்ட் என்று ஒரு தாள் வந்தது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று அதில் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து, இந்தப் பாடத்தை விடலாம், இதில் ஐந்து மதிப்பெண் வினா மட்டும் போதும் என்று கத்தரித்துக் கத்தரித்து, கடைசியில் மெல்லக் கற்போருக்கான மினிமம் மெட்டீரியல் என்று சில பக்க ஜெராக்ஸ் கையில் நிற்கும். மாலை ஸ்பெஷல் கிளாஸ், தட்டில் சுண்டல், தேர்ச்சி விழுக்காட்டுக்கான மீளாய்வுக் கூட்டம். அந்த ஜெராக்ஸைப் பிடித்துக் கரையேறி, பின்னால் செவிலியராகவும் காவலராகவும் ஆன பிள்ளைகளை நான் அறிவேன், ஆகவே அதை ஏளனமாகப் பேச என் நாக்கு எழாது. ஆனால் அந்த ஜெராக்ஸில் இல்லாத பாடங்கள் அந்தப் பிள்ளைகளுக்குக் கடைசிவரை கிடைக்கவேயில்லை.

ஒரே ஒருமுறை அந்தப் பழைய சுதந்திரம் திரும்பி வந்தது. மெட்ரிக், ஓரியண்டல், ஆங்கிலோ இந்தியன், மாநில வாரியம் என்று நான்காகப் பிரிந்திருந்த பாடத்திட்டத்தை ஒன்றாக்கும் சமச்சீர் கல்விச் சட்டம் 2010-இல் வந்தது. அந்த ஆண்டு ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் புதிய புத்தகம் கொடுத்தார்கள். மற்ற வகுப்புகளுக்கு அடுத்த ஆண்டு என்றிருந்தபோது ஆட்சி மாறியது, வழக்கு நீதிமன்றம் ஏறியது, 2011 ஜூனில் பள்ளி திறந்தும் புத்தகம் இல்லை. புதியதைக் கொடுக்கக் கூடாது, பழையதை நம்பவும் முடியாது. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை, மாநிலம் முழுக்க அந்த வகுப்புகளின் பிள்ளைகள் வெறும் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

பெற்றோர் பதறினார்கள், நியாயமான பதற்றம். ஆனால் வகுப்பறைக்குள் நடந்ததை உள்ளே இருந்தவர்கள்தான் அறிவார்கள். என்ன நடத்துவது என்று ஆசிரியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், பிறகு அவரவருக்குப் பிடித்ததை நடத்தினோம். தெருப் பெயர்களை எழுதி வரச் சொல்லிப் புணர்ச்சி இலக்கணம் நடத்தினேன். வேப்பங்குளம் எப்படி வந்தது, பனங்காட்டுத் தெருவில் 'அம்' எப்படி நுழைந்தது என்று பிள்ளைகள் ஊரையே பிரித்துப் போட்டார்கள். கணக்கு ஆசிரியை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளி மைதானத்தைக் கயிறு பிடித்து அளந்தார். பிறகு புத்தகங்கள் வந்தன, சில பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டி. மறைத்த பக்கத்தில் என்னதான் இருக்கிறது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எழுத்துக் கூட்டிய ஆர்வத்தை, மறைக்காத எந்தப் பக்கத்திலும் நான் கண்டதில்லை.

அதற்கப்புறம் மாற்றங்கள் வேகம் பிடித்தன. 2017-இல் மாநில ரேங்க் பட்டியல் போனது. லட்டு ஊட்டும் படங்கள் பத்திரிகையில் இல்லாத மே மாதம் கொஞ்சம் வெறிச்சென்றிருந்தது உண்மை, ஆனால் ஓரிரு மதிப்பெண்ணில் அந்தப் படத்தைத் தவறவிட்டு அழுத பிள்ளைகளை நினைத்தால், போனதே நல்லது. பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்துகிறார்கள் என்று, 2018 மார்ச் முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கை அதை எடுத்துவிட்டது. ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று 2019-இல் அறிவித்து, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் பத்து வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பரீட்சை அட்டை வாங்கக் கடைக்கு வந்த தாய்மாரை நான் பார்த்துவிட்டேன்.

2018 ஜூனில் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று வகுப்புகளுக்குப் புதிய புத்தகம் வந்தது. கனத்த புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் வண்ணம், மூலையில் கியூஆர் கோடு. ப்ளூபிரிண்ட் கிடையாது, பாடத்தின் உள்ளே எங்கிருந்தும் கேள்வி வரும் என்றார்கள். பயிற்சிக்குப் போன இடத்தில் எல்லோர் முகத்திலும் கலவரம். "எதை விடலாம்னு யாராவது சொல்லுங்களேன்" என்று ஒருவர் கேட்டார். எனக்கு என் வேதியியல் ஆசிரியர் நினைவுக்கு வந்தார். அதே தெரியாமைதான். அன்று அது எங்களைப் புத்தகத்துக்குள் இழுத்தது, இன்று புத்தகத்திலிருந்து விரட்டுகிறது. மேற்படிப்புக்கு ஆயிரம் வாசல் இல்லாத காலத்தில் நாங்கள் படித்தோம். ஒரு மதிப்பெண்ணில் கல்லூரி மாறிவிடும் காலத்தில் இவர்கள் படிக்கிறார்கள், அதனால் பயப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன்.

எனக்கு மனம் ஒப்பாத விஷயம் ஒன்று உண்டு. 2017 நவம்பரில் தேசிய அடைவுத் தேர்வு வந்தது, 2025 பிப்ரவரியில் மூன்று, ஐந்து, எட்டு வகுப்புகளுக்கு மாநில அடைவுத் தேர்வு, நம் ஆசிரியர்கள் சொல்லும் ஸ்லாஸ், வந்தது. இவற்றில் எந்தப் பிள்ளைக்கும் பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள், எதில் தடுமாறுகிறார்கள் என்று அரசு தெரிந்துகொள்ளத்தான் இந்தத் தேர்வு. அதற்கே பள்ளிகள் மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்ததை என் கண்ணால் கண்டேன். மாதிரி வினாத்தாள், மறுபடி மாதிரி வினாத்தாள். ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் பிதுங்காமல் கறுப்புப் பேனாவால் நிரப்பப் பழக்க ஒரு பாடவேளை. தினமும் இரவு வாட்ஸப் குழுவுக்குப் படம் அனுப்ப வேண்டும். டாக்டர் காய்ச்சல் பார்க்க வரும் நேரத்துக்கு மாத்திரை போட்டு உடம்பைக் குளிரவைத்தது போல ஆகிவிட்டது. பின்ன எண் புரியாத பிள்ளை, பின்ன எண் கேள்விக்கு விடை 'இ' என்று மட்டும் கற்றுக்கொண்டால், அந்தப் பிள்ளைக்கு வர வேண்டிய உதவி வராமல் போய்விடுமே என்றுதான் எனக்குக் கோபம்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. செயல்வழிக் கற்றல் காலத்தில் சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் உயரத்துக்கு வரைந்த கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம், அவள் பள்ளியில் இன்னும் அழியாமல் இருக்கிறது. எதிர்ச் சுவரில் ஸ்மார்ட் போர்டு. இரண்டையும் அவள் பயன்படுத்துகிறாள். தேர்வுக்கு முதல் நாள்வரை அன்றாடப் பாடத்தைத்தான் நடத்தினாளாம். "பேச்சு வாங்குவியே அம்மா" என்றேன். "வாங்கிக்கிறேன் அய்யா. பிள்ளைங்களுக்கு வரலைன்னா வரலைன்னே தெரியட்டும்" என்றாள். முடிவு வந்தபோது தமிழில் நன்றாகவே செய்திருந்தார்கள், பின்னத்திலும் அளவைகளிலும் சறுக்கியிருந்தார்கள். கூட்டத்தில் அவளை எழுப்பி நிற்கவைத்துக் கேட்டார்களாம். அடுத்த வாரமே கட்டம் கட்டமாக இருக்கும் அந்தக் கரும்பலகையில் அரை, கால், அரைக்கால் என்று பிள்ளைகளைக் கோடு போட வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள்.