மிக்சருக்கு ஒரு தாத்தா

வேளச்சேரியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். பணிக்காலம் முழுக்க அட்மிஷன் நாற்காலியில் உட்கார்ந்து, பெற்றோரைக் கேள்வி கேட்டே பழகியவர். பூனை வளர்க்க ஆசைப்பட்டபோது, பேத்தி வயதுப் பெண் ஒருத்தி அவரை எதிரே உட்காரவைத்துக் கேட்டாள். சொந்த வீடா, வாடகையா? எத்தனையாவது மாடி? ஊருக்குப் போனால் பூனையை யார் பார்த்துக்கொள்வார்கள்? “மாசாமாசம் செலவு ஆகும், பரவாயில்லையா அங்கிள்?” பென்ஷன் கணக்கைச் சொல்ல வாயெடுத்தவரை மனைவி முழங்கையால் இடித்தார். “சார்” என்றே கேட்டுப் பழகிய காதுக்கு அந்த “அங்கிள்”தான் அதிகம் வலித்தது.

அந்தப் பெண் ஒரு ஃபாஸ்டர். தெருப் பூனைகளை மீட்கும் குழுக்கள் பலவற்றுக்கு அவற்றை வைத்துக்கொள்ளத் தனிக் கட்டடம் கிடையாது. தன்னார்வலர்கள் ஆளுக்கு இரண்டு மூன்றாகத் தங்கள் வீட்டிலேயே வளர்க்கிறார்கள். இதில் மருத்துவ நியாயமும் உண்டு. பேன்லூக்கோபீனியா வைரஸ் பல பூனைகள் அடைந்த கூடத்தில் புகுந்தால் குட்டிகளை வாரிக்கொண்டு போய்விடும். ஓராண்டு வரைகூடத் தரையிலும் துணியிலும் சாகாமல் கிடக்கும். இன்னொரு லாபம், பழக்கம். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான் குட்டிகளுக்கு மனிதர் மேல் நம்பிக்கை எளிதில் ஊறும். அந்த நாட்களில் மிக்ஸி சத்தமும் காலிங் பெல்லும் மனித மடியும் பழகிய குட்டி, பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் சோபாவுக்கு அடியில் நெடுநாள் குடியிருக்காது.

மிக்சர், எட்டு மாத மஞ்சள் கடுவன். (மஞ்சள் பூனைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு ஆண்தான், நிறத்தைத் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பது காரணம்.) தடுப்பூசி, ரேபிஸ் ஊசி, கருத்தடை எல்லாம் முடிந்திருந்தன. கூடவே வாய்மொழியாக ஒரு நடத்தைச் சான்றிதழும் வந்தது: “சாக்ஸ் திருடுவான். பாத்ரூம் கதவைச் சாத்தினா வெளியே உட்கார்ந்து அழுவான். மத்தபடி தங்கம்.” இருபது வரி கான்டக்ட் சர்டிபிகேட் எழுதிய தலைமையாசிரியரே இவ்வளவு உண்மையை ஒரு மாணவனைப் பற்றியும் எழுதியதில்லை.

பால்கனிக்கு வலை கட்டச் சொன்னபோது, “பூனை எங்கே விழுந்தாலும் நாலு கால்லதானே நிக்கும்?” என்றார். காலில் இறங்கினாலும் தாடையும் நெஞ்சும் அடிபடும் என்றாள் அவள். மாடியிலிருந்து விழுந்து சிகிச்சைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி நியூயார்க் கால்நடை மருத்துவர்கள் 1987-இல் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். தொண்ணூறு சதவீதம் பிழைத்தன என்பதை அவர் பிடித்துக்கொண்டார். மீதிப் பத்தை அவள் பிடித்துக்கொண்டாள். புறா வலைக்காரர் வந்து ஆணி அடித்துவிட்டுப் போனார்.

அடுத்தது பால். அம்மாள் மிக்சருக்கென்றே அரை லிட்டர் ஆவின் கூடுதலாக வாங்கத் தொடங்கியிருந்தார். தாய்ப்பால் மறந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிக்காது, வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. தமிழாசிரியராக வேலையில் சேர்ந்தவரால் பொறுக்க முடியவில்லை. அவையடக்கத்தில் கம்பரே தன்னைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாகச் சொல்லியிருக்கிறாரே என்று நீளமாக ஒரு செய்தி அனுப்பினார். பதில் உடனே வந்தது: “அந்தப் பூனைக்கு வயித்தால போயிருக்கும் அங்கிள்.”

பூனைகள் அந்தியிலும் விடியலிலும் வேட்டையாடும் பிராணிகள். அடுக்ககத்தில் எலிக்கு வழியில்லாததால், போர்வைக்குள் அசையும் கட்டைவிரல் எலியாகிறது. மணி நாலரை. பாய்ச்சல் முடிந்ததும் குற்றவாளியே வந்து வயிற்றில் ஏறி, முன்கால்களை மாற்றி மாற்றி மாவு பிசைகிறது. தாய் மடியில் பால் சுரக்கப் பிசைந்த பழக்கம், வளர்ந்தும் விடவில்லை. விளைவாக, சலவை வேட்டிகள் ஐந்தில் நூல் இழுத்திருக்கிறது. அவற்றை வெளியே கட்ட முடியாது, மிக்சருக்கென்று ஒதுக்கியாயிற்று.

பக்கத்து வீட்டுப் பாட்டி காலி மனையிலிருந்து குப்பைமேனியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். பூனைவணங்கி என்றும் அதற்குப் பேர் உண்டு. வேரை முகர்ந்த மிக்சர் ஹால் முழுக்க உருண்டு, சுவரோடு பேசி, பாட்டியின் செருப்பைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டது.

பூனையைப் பார்த்துக் கண்ணை மெதுவாகச் சுருக்கி மூடினால் அதுவும் அப்படியே பதில் தரும் என்று சஸெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் சோதித்துக் காட்டினார்கள். தலைமையாசிரியர் மிக்சரிடம் பயிற்சி எடுக்கிறார். ஜன்னல் வழியே பார்த்த குடியிருப்போர் சங்கச் செயலாளர், சாருக்குக் கண்ணில் ஏதாவது கோளாறா என்று அம்மாளிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

சென்ற வாரம் அந்தப் பெண் ஒரு படம் அனுப்பினாள். மிக்சரின் தங்கையாம்; மூன்று நிறம், ஒரு காது மட்டும் கறுப்பு. துணை இருந்தால் விடியற்காலைச் சேட்டை அவர்களுக்குள்ளேயே முடிந்துவிடும் என்று ஒரு வரியும் கீழே இருந்தது. தலைமையாசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்லலாம் என்றார்.

“யோசிக்க என்ன இருக்கு?” என்றார் அம்மாள். “ஒண்ணுக்கும் அதே வலைதான், ரெண்டுக்கும் அதே வலைதான்.”