ஆரோக்கியமான பெண்ணுக்கு ஒரு சான்றிதழ்

மனநலம் உள்ள பெண் எப்படி இருப்பாள்? அதைச் சொல்லத்தான் நிபுணர்கள் இருக்கிறார்களே! 1970-இல் அமெரிக்காவில் ப்ரோவர்மன் குழுவினர் அந்த நிபுணர்களையே சோதித்துப் பார்த்தார்கள். மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என 79 பேர். எதிரெதிர்க் குணங்கள் 122 ஜோடி கொண்ட தாள். மனநலமுள்ள ஆணைக் குறியுங்கள் என்று சிலருக்கு, பெண்ணைக் குறியுங்கள் என்று சிலருக்கு, ஆண் பெண் என்று சொல்லாமல் வெறும் 'வளர்ந்த மனிதர்' என்று மற்றவர்களுக்கு.

மனிதரும் ஆணும் ஒரே அச்சாக வந்தார்கள். பெண்? ஆணோடு ஒப்பிட்டால் அடங்கிப் போவாள், சுயமாக நிற்கமாட்டாள், சின்னச் சங்கடத்துக்கும் பதறுவாள், சட்டென்று மனம் புண்படுவாள், கணக்கும் அறிவியலும் பிடிக்காது. நோயாளியைப் பற்றிய குறிப்பல்ல ஐயா இது. திடகாத்திரமான பெண்ணுக்கு அவர்கள் எழுதிக்கொடுத்த சான்றிதழ்! இப்படி இருந்தால் அவள் மனிதராகக் குறை, இல்லாவிட்டால் பெண்ணாகக் குறை. இரண்டுக்கும் ஃபீஸ் உண்டு.

அந்த 79 பேரில் 33 பேர் பெண்கள். அவர்களும் ஆண்கள் போட்ட இடத்திலேயேதான் டிக் போட்டார்கள். படித்துத் தேறியவர்கள் அல்லவா, பாடத்தை மறப்பார்களா?

பழைய பாடம். பல பெண்களின் மூளை, அளவில் மிக வளர்ந்த ஆண் மூளையைவிடக் கொரில்லாவுக்கே பக்கம் என்று 1879-இல் எழுதினார் பிரெஞ்சு மேதை குஸ்தாவ் லெ போன். அறிவு மூளையின் முன்மடலில் குடியிருக்கிறது என்று நம்பியவரை பெண்ணுக்கு முன்மடல் சிறிசு என்றார்கள். அப்புறம் அறிவு உச்சிப்பகுதிக்கு வீடு மாறியது. பெண்ணுக்கு அந்த இடம் சிறிசாகிப்போனது. விஞ்ஞானம் எங்கே கைவைத்தாலும் அங்கே சுருங்கிக்கொடுக்கும் மண்டை!

அமெரிக்க உளவியலாளர் மேரி வைட்டன் கால்கின்ஸ் சுருங்கிக்கொடுக்கவில்லை. ஹார்வர்டில் வில்லியம் ஜேம்ஸ் போன்றவர்களிடம் படித்து, 1895-இல் முனைவர் பட்டத்துக்கான தேர்வில் தேறினார். பட்டம் கொடுங்கள் என்று பேராசிரியர்களே சிபாரிசு செய்தார்கள். நிர்வாகம் மறுத்தது. மூளையின் எடையும் காரணம் இல்லை, மடலும் காரணம் இல்லை, பெண், அவ்வளவுதான். 1902-இல் ராட்கிளிஃப் பெண்கள் கல்லூரியின் பட்டத்தைத் தருகிறோம் என்று சமாதானம் பேசினார்கள், வேண்டாம் என்றார். 1905-இல் அமெரிக்க உளவியல் சங்கத்துக்கே தலைவரானார்.

1927-இல் ஹார்வர்டில் படித்த உளவியலாளர்களும் தத்துவ அறிஞர்களும் அவருக்காக மனுப்போட்டார்கள். போதிய காரணம் இல்லை என்று பல்கலைக்கழகம் கைவிரித்தது. 1930-இல் பட்டம் வாங்காமலேயே அவர் இறந்தார்.