மோதிரத்தின் இரு விலைகள்

வைரம் பதித்த பொன்மோதிரத்தின் மதிப்பை அறிய விரும்புகிறவர், வாங்கும் தினத்தில் ஒரு சாஸ்திரமும் விற்கும் தினத்தில் வேறொரு சாஸ்திரமும் வழங்குவது கண்டு சித்தம் கலங்கலாகாது. 0.2 கிராமே ஒரு காரட் என்னும் அந்த அற்பப் பிரமாணத்துள் நிறம், தெளிவு, பட்டை முதலிய சகல லட்சணங்களையும் பூதக்கண்ணாடியில் தரிசனம் செய்வித்து, செய்கூலி, சேதாரங்களையும் பவ்யமாகச் சேர்த்துப் பில் எழுதிய அதே கடைக்காரர், நாம் விற்கப் போகையில், கல்லைக் குறட்டால் நெம்பி எடுத்து, காகிதத்தில் மடித்து நம் கையிலேயே தந்துவிட்டு, தங்கத்தை மாத்திரம் தராசில் வைப்பார். அதுவும் மாற்றில் 18 காரட்டாயின் நூற்றுக்கு 75 பங்கே பொன் என்பது அப்போதுதான் அவருக்குத் துக்கத்தோடு ஞாபகம் வரும். (சேதாரமான பொன் எங்கே போயிற்று என்று கேட்பது நாகரிகமன்று.) வைரம் சாசுவதமானது என்னும் விளம்பர வாசகத்தை 1947-இல் டி பியர்ஸ் கம்பெனிக்காக எழுதிய பிரான்சிஸ் ஜெரட்டி அம்மையார், தாம் கடைசிவரை விவாகம் செய்துகொள்ளவில்லை; ஆதலால் கல்யாண மோதிரத்தைத் தராசுக்குக் கொண்டுபோகும் சங்கடம் அவருக்கு நேர்ந்திராது.